அம்மாவும் மகளும் ஒரே கேள்வித்தாளும்

ஜூலை 3

அன்புள்ள மகளுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நீ கத்துகிறாய், நாலாவது நிமிஷம் நான் கத்துகிறேன், ஐந்தாவது நிமிஷம் அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுகிறார். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தில் எழுதினால் குறுக்கே பேச ஆளில்லை.

விஷயம் இதுதான். நான் படிக்கச் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே. ரத்தப் பரிசோதனை டிப்ளமோ, இரண்டு வருஷம். நீ பாதியில் விட்டுவிட்டுப் போனாயே, அதே படிப்பு, அதே கல்லூரி. எங்கள் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கென்று மாலை வகுப்பு ஆரம்பித்திருக்கிறார்கள். நாற்பத்தாறு வயதில் உனக்கெதற்கு என்று அப்பாவே கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக லேபில் ட்யூப் கழுவுகிறேன், அதில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளாமலே ரிட்டையர் ஆகவா என்றேன். 

நேர்காணலில், "ட்யூப் கழுவுற வேலையிலிருந்து இதுக்கு எப்படி வர முடியும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டார்கள். நான் அந்தக் கதையைச் சொன்னேன். உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பயிற்சிக்கு எங்கள் லேபுக்கு வந்திருந்தபோது, வார்டில் அந்த மெலிந்த பெரியவருக்கு நரம்பு கிடைக்காமல் மூன்று தடவை குத்தினாயே. நான் ட்யூப் தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து, "இங்க இல்ல, இந்தப் பக்கம், தடவிப் பாரு உருளும்" என்று விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த நொடி ரத்தம் வந்தது. அப்போது நம் லேப் இன்சார்ஜ் சோடாபுட்டி சார் வார்டே கேட்கிற மாதிரி, "ட்யூப் கழுவுற அம்மாவுக்குத் தெரியுது, கோட்டு போட்ட பொண்ணுக்குத் தெரியல" என்றாரே! நேர்காணலில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இடம் கிடைத்துவிட்டது. பயப்படாதே, அது என் மகள் என்று சொல்லவில்லை. 'ஒரு பயிற்சிப் பெண்' என்றுதான் சொன்னேன்.

உன் பெட்டியிலிருந்த நோட்டுகளை எடுத்துக்கொண்டேன். வெள்ளைக் கோட்டும் எனக்குச் சரியாக இருக்கிறது, தோளில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

அம்மா

*

ஜூலை 14

அம்மாவுக்கு,

பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தேன். அதை எப்படித் திறந்தாய் என்று கேட்கப் போவதில்லை. அப்பாவின் திருப்புளிதான் என்று தெரியும்.

கோட்டைப் போடாதே. அதைக் கழற்றித் திரும்ப உள்ளே வை.

படி, யார் வேண்டாம் என்றது. ஆனால் உலகத்தில் உனக்கு வேறு படிப்பே கிடைக்கவில்லையா? தையல், கணக்கு, கம்ப்யூட்டர், ஏதாவது ஒன்று. நான் உட்கார்ந்த பெஞ்சில்தான் போய் உட்கார வேண்டுமா?

நான் நன்றாக இருக்கிறேன். கண்ணாடிக் கடையில் இப்போது என்னை லென்ஸ் தேய்க்கும் மேஜைக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாற்பது ஜோடி. யாரும் பக்கத்தில் நின்று பார்ப்பதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மகள்

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள மகளுக்கு,

கோட்டைத் துவைத்து மடித்து உள்ளே வைத்துவிட்டேன். எனக்குப் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டேன். நோட்டுகளை மட்டும் கேட்காதே, அவை இல்லாமல் என்னால் முடியாது.

வகுப்பில் பதினான்கு பேர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணனும் சேர்ந்திருக்கிறார். ஐம்பத்தொரு வயது. கடைசி பெஞ்சில் அவரும் நானும். மற்றவர்கள் எல்லாம் உன் வயது வார்டு பெண்கள். காலையில் ஆறு மணிக்கு வேலை, மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தால் கால் இரண்டும் என்னுடையதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி தெரிகிறது. கண் பிரிவு நர்ஸ் பார்த்துவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் படிக்க இரண்டு பவர் கண்ணாடி போட வேண்டும் என்கிறாள். பார்க்கலாம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால் என்னைக் கேவலமாக நினைப்பாய், பரவாயில்லை. உன் நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன். பதினோரு இடத்தில். இரண்டு மாதமாகிறது, என் நோட்டில் வெறும் டிக். நேற்று அதே டீச்சர் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "உங்க பொண்ணுக்கு எழுத்து முத்து முத்தா இருக்கும், படமும் அவ போட்டா அச்சு மாதிரி" என்றார். பெற்றவளுக்குப் பெருமையாக இருக்க வேண்டும்தானே? எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து உன் நோட்டைப் பார்த்து, உன் படங்களைப் போலவே நாலு தடவை போட்டுப் பார்த்தேன். வரவில்லை.

இரண்டாம் வருஷ நோட்டு ஜனவரியோடு நின்றுவிடுகிறது. அப்புறம் வெற்றுத்தாள். அதைப் பார்த்தால் இன்னும் எரிகிறது. இப்படி எழுதத் தெரிந்தவள் எதற்காக விட்டுவிட்டுப் போனாய்? நாலு வருஷமாகக் கேட்கிறேன். பிடிக்கவில்லை என்கிறாய். பிடிக்காதவளா இப்படிப் படம் போட்டாள்? கையில் கொடுத்ததைக் கீழே போட்டுவிட்டுப் போக உனக்கு என்ன தலைக்கனம்? எனக்கு உன் வயதில் யாராவது கொடுத்தார்களா?

அம்மா

*

செப்டம்பர் 6

அம்மாவுக்கு,

சரி. கேட்டாய். சொல்கிறேன்.

நேர்காணலில் சொன்னாயே ஒரு கதை. எல்லாரும் சிரித்தார்களே. நான் படிப்பை விட்டது அந்தக் கதைக்காகத்தான்.

அந்தப் பெரியவருக்கு நான் மூன்று தடவை குத்தவில்லை. இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்கு நரம்பைத் தொட்டுப் பிடித்துவிட்டேன். விரலுக்கடியில் இருந்தது. ஊசியை வைக்கப் போனபோதுதான் நீ வந்தாய். என் கையை ஒதுக்கிவிட்டு உன் விரலை வைத்தாய். நான் வைத்திருந்த அதே இடத்தில்தான் வைத்தாய், அம்மா.

சோடாபுட்டி சார் சொன்னதும் வார்டு முழுக்கச் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீயும் சிரித்தாய்.

அதற்கப்புறம் லேபில் எனக்குப் பெயரே மாறிவிட்டது. 'ட்யூப் அம்மாவைக் கூப்பிடவா?' நான் ஊசியை எடுத்தாலே யாராவது கேட்பார்கள். கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் நிற்கவே இல்லை. இரண்டு வாரம் பார்த்தேன். பிறகு வரவில்லை. வீட்டுக்கு வந்தால் நீ பக்கத்து வீட்டு அக்காவிடம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். கதையில் இரண்டு தடவை மூன்றாகியிருந்தது.

இனி யாரிடமாவது சொல்வதாக இருந்தால் சரியாகவாவது சொல்.

மகள்

*

டிசம்பர் 2

மகளுக்கு,

மூன்று மாதமாகிவிட்டது. உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். ஆறு பக்கம். உனக்கு உதவி செய்ய வந்தவளைக் குற்றவாளி ஆக்குகிறாயே, வேலை செய்கிற இடத்தில் நாலு பேர் நாலு சொல்லத்தான் செய்வார்கள், அதற்காக ஓடுவார்களா என்றெல்லாம் எழுதியிருந்தேன். தபாலில் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஒட்டாத கவரைப் பிரித்துப் படித்தார். இந்த வீட்டில் அடுத்தவர் பூட்டைத் திறப்பது நான் மட்டும் இல்லை. படித்துவிட்டு, "இத நான் போடமாட்டேன். உனக்கு மனசு வந்தா நீயே போய்ப் போட்டுக்க" என்றார். தபால் பெட்டி தெருமுனையில்தான். நான் போகவில்லை. போகாதபோதுதான் அந்த ஆறு பக்கமும் பொய் என்று எனக்கே தெரிந்தது.

உண்மையை எழுதுகிறேன். ஒரு தடவைதான் எழுதுவேன்.

நீ கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் நாள் எங்கள் லேபுக்குள் வந்தபோது எல்லாரும் உனக்கு நாற்காலி போட்டார்கள். பதினெட்டு வருஷமாக அந்த லேபில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. நீ ட்யூபைப் பயன்படுத்திவிட்டு ட்ரேயில் போடுவாய், நான் எடுத்துக் கழுவுவேன். ஒரு நாள் பேச்சு மும்முரத்தில் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இதையும் எடுத்துக்கங்க" என்றாய். நான் என்று தெரியாமல்தான் சொன்னாய். தெரியும். ஆனாலும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தப் பெரியவர் விஷயத்தில் உன் விரல் சரியான இடத்தில் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வந்தேன். நான் உனக்கு உதவி செய்ய வரவில்லை. எனக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள வந்தேன். சார் சொன்னபோது, பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இடத்தில் என்னைப் பற்றி ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னார். அது உன்னைத் தாழ்த்திச் சொன்ன வார்த்தை என்பது எனக்குக் காதில் ஏறவில்லை. ஏறியிருந்தாலும் சிரித்திருப்பேனோ என்னவோ.

உன் கை நடுங்கியது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வில் கணக்குப் பகுதியில் தோற்றுவிட்டேன். நாற்பதுக்கு ஒன்பது. திரவம் கலக்கிற கணக்கு ஒன்றுகூடச் சரியில்லை. ஆம்புலன்ஸ் அண்ணன்கூடப் பதினெட்டு வாங்கிவிட்டார். நின்றுவிடலாமா என்று இருக்கிறது. நீ சந்தோஷப்படலாம்.

அம்மா

*

டிசம்பர் 15

அம்மாவுக்கு,

சந்தோஷப்பட்டேன். மறைத்து என்ன. 'நாற்பதுக்கு ஒன்பது' என்பதை இரண்டு தடவை படித்தேன். மேஜையில் உட்கார்ந்து சிரித்ததைப் பார்த்துக் கடைக்காரர், "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார். "ஆமாங்க, எங்கம்மா ஃபெயில்" என்றேன். 

அறைக்கு வந்த பிறகு அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. நீ ஃபெயிலாகி நின்றுவிட்டால் அதற்கும் நான்தான் காரணம் என்று நீ ஊரெல்லாம் சொல்வாய். அந்தக் கதைக்கு நான் ஆளில்லை.

உன் தவறு ஒரே தவறு. 'ஒன்றுக்கு இருபது' என்றால் ஒரு பங்கு ரத்தத்தில் இருபது பங்கு திரவம் ஊற்றுகிறாய். அப்படியில்லை. மொத்தம் இருபது. ஒரு பங்கு ரத்தம், பத்தொன்பது பங்கு திரவம். ரத்தமும் அந்த இருபதுக்குள்தான் இருக்கிறது. வெள்ளை அணுவை நாலு பெரிய கட்டங்களில் எண்ணி, வந்ததை ஐம்பதால் பெருக்கு. ஏன் ஐம்பது என்று பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மனப்பாடம் செய்யாதே, போட்டுப் பார். கூட முப்பது கணக்கு வைத்திருக்கிறேன். போட்டு அனுப்பு. திருத்துகிறேன். 'அருமை' எல்லாம் எழுதமாட்டேன்.

தனிப் பார்சலில் கண்ணாடி வரும். இரண்டு பவர். நானே தேய்த்தது. ஃப்ரேம் விலைபோகாமல் கிடந்த பழைய சரக்கு, அதனால் உருகிவிடாதே.

'இதையும் எடுத்துக்கங்க' என்று நான் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீ எழுதியதை மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுத வரவில்லை. எழுத வந்தால் எழுதுகிறேன்.

மகள்

*

மே 20

அன்புள்ள மகளுக்கு,

முதல் வருஷம் பாஸ். கணக்குப் பகுதியில் நாற்பதுக்கு இருபத்தைந்து! டீச்சர் நம்பவில்லை. "யாருகிட்ட ட்யூஷன்?" என்று கேட்டார். தபாலில் என்றேன்.

கண்ணாடி நன்றாக இருக்கிறது. எறும்பெல்லாம் எழுத்தாகிவிட்டது. கண் பிரிவு நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டு, "சுத்தமான வேலை" என்றாள். இதையும் நீ நன்றாகச் செய்கிறாய். உனக்கு எதுதான் வராது என்று கேட்டால் கோபித்துக்கொள்வாய்.

மறுபடியும் மூக்கை நுழைக்கிறேன். கல்லூரி ஆபீஸ் குமாஸ்தாவிடம் சும்மா விசாரித்தேன். நடுவில் நின்றவர்கள் ஐந்து வருஷத்துக்குள் இரண்டாம் வருஷத்தில் திரும்பச் சேரலாமாம். எந்த ஊர்க் கல்லூரியில் வேண்டுமானாலும். உனக்கு இந்த ஜூலையோடு முடிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தகவல்தான்.

இல்லை, சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் இதை எழுதும்போதே ஒரு மனம், அவள் சேர்ந்தால் உன்னைத் தாண்டிவிடுவாள், எழுதாதே என்றது. ஆபீசிலிருந்து வந்து நாலு நாள் எழுதாமல் இருந்தேன். என்னை அம்மா என்று சொல்லிக்கொள்ளவே உனக்கு வெட்கமாக இருக்கும்.

அம்மா

*

ஜூன் 2

அம்மாவுக்கு,

உன் தகவல் பழசு. நான் ஏப்ரலிலேயே இங்குள்ள கல்லூரியில் விசாரித்துவிட்டேன். விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன். நேற்று இடம் கிடைத்தது. கடையில் பாதி நாள் வேலைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், சம்பளமும் பாதி. விடுதியில் இரண்டு பேர் அறையிலிருந்து நாலு பேர் அறைக்கு மாறிவிட்டேன்.

ஏன் சேர்ந்தேன் என்று சொல்லட்டுமா? உன் கணக்கைத் திருத்திக்கொண்டிருந்தேன். முப்பதில் இருபத்தேழு சரி. இவள் முடித்துவிடுவாள், நான் மட்டும் முடிக்காதவளாக நிற்பேன் என்று தோன்றியது. அன்று தூக்கமே இல்லை. வேறு உயர்ந்த காரணம் எதுவும் கிடையாது.

இனி நீயும் இரண்டாம் வருஷம், நானும் இரண்டாம் வருஷம். அடுத்த ஏப்ரலில் ஒரே நாளில் ஒரே கேள்வித்தாள். அதனால் நிபந்தனைகள். திருத்தித் தருவதை நிறுத்துகிறேன், எனக்கும் படிக்க இருக்கிறது. செய்முறைத் தேர்வைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதக் கூடாது. நரம்பு, ஊசி, விரல், எதுவும். அன்று இங்கே வரவும் கூடாது. 'சும்மா பார்க்க வந்தேன்' என்று கல்லூரி வாசலில் நின்றால் நான் அப்படியே திரும்பிப் போய்விடுவேன்.

கை இன்னும் நடுங்குகிறதா என்று நீ கேட்பாய். தெரியாது. நாலரை வருஷமாக ஊசியைத் தொடவில்லை.

மகள்

*

ஏப்ரல் 11

அன்புள்ள மகளுக்கு,

திங்கட்கிழமை உனக்குச் செய்முறைத் தேர்வு என்று அப்பா சொன்னார். எனக்கு வியாழக்கிழமை.

இங்கே நல்ல மழை. லேப் ஃப்ரிட்ஜ் பழுதாகிப் புதிது வந்திருக்கிறது, கதவு எதிர்ப்பக்கம் திறக்கிறது. எல்லாரும் இடித்துக்கொள்கிறோம். ஆம்புலன்ஸ் அண்ணனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். மொட்டைமாடிக் குழாயை அப்பா தானே சரிசெய்கிறேன் என்று போய் முழுவதும் உடைத்துவிட்டார்.

வேறொன்றும் விசேஷமில்லை.

அம்மா

*

ஏப்ரல் 29

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன், எங்காவது ஒளித்து ஒரு அறிவுரை வைத்திருப்பாய் என்று. ஃப்ரிட்ஜ் கதவுக்கு ஏதாவது உள்ளர்த்தம் உண்டா என்றுகூட யோசித்தேன். இல்லை. உனக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு வந்தது பருமனான ஒரு அம்மா. கையில் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கை நடுங்கியது. முதல் தடவை தப்பிவிட்டது. தேர்வாளர் பேனாவால் ஏதோ குறித்தார். பின்னால் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஆனால் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த அமைதி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது தெரியுமா?

அப்போது கண்ணை மூடிக்கொண்டேன். லென்ஸில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். அதை விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டும், எத்தனையோ ஆயிரம் பிடித்திருக்கிறேன். அதே மாதிரி தடவினேன். கிடைத்தது. மெத்தென்று, ஆழத்தில். இரண்டாவது குத்தில் வந்துவிட்டது.

இது உன்னிடமிருந்து கற்றது இல்லை, அம்மா. இது என்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் வெளியே வரும்போது தேர்வாளர், "வீட்டுல யாராவது இந்த வேலையில இருக்காங்களா?" என்று கேட்டார். "அம்மா. இதே பரீட்சை வியாழக்கிழமை எழுதுறாங்க" என்றேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அந்தம்மாவைப் பார்க்கணுமே" என்றார். என் தேர்வு நாளிலும் அவருக்கு நீதான் ஆச்சரியம். எரிந்தது. ஆனால் சொன்னபோது என் குரலில் கொஞ்சம் பீற்றலும் இருந்தது. எப்படி வந்ததென்று தெரியவில்லை.

முன்பு எழுத வரவில்லை என்றேனே. இப்போது கொஞ்சம் வருகிறது. முழுதாக வந்ததும் நேரில் வருகிறேன்.

மகள்

*

ஜூன் 18

அன்புள்ள மகளுக்கு,

நேற்று மாலை பட்டியல் ஒட்டினார்கள். நானும் பாஸ். ஆம்புலன்ஸ் அண்ணன் ஒரு பாடம் திரும்ப எழுத வேண்டும். அடுத்த மாதம் முதல் நான் லேபில் உதவி டெக்னீஷியன். ஆபீசில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சோடாபுட்டி சார் தானே போய் ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்டூல் எடுத்துவந்து ஜன்னலோரம் போட்டார். "உட்காருங்கம்மா" என்றார். உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரிடம் ஒன்று சொன்னேன். "சார், அன்னைக்கு எம்பொண்ணு விரல் சரியான இடத்துலதான் இருந்துச்சு. நான் நடுவுல புகுந்தேன்" என்றேன். அவருக்கு எந்த அன்றைக்கு என்றே தெரியவில்லை. முழுவதும் விளக்கிச் சொன்னேன், லேபில் இருந்த எல்லாரும் கேட்கிற மாதிரி. இரண்டு தடவை என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் உன் ஊர்க் கல்லூரிப் பட்டியலை அந்த அண்ணன் தன் போனில் எடுத்துக் காட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் மதிப்பெண் என்னுடையதைவிட நூற்றுப் பன்னிரண்டு கூட. எல்லாப் பாடத்திலும் கூட. நான் இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய ஊசிப் பாடத்திலும் கூட.

ஆம்புலன்ஸ் ஷெட் பக்கம் போய்ப் படியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பின்னாலேயே வந்து நின்றார். தான் தோற்றதற்கு அவர் அழவில்லை, பாஸான நான் அழுகிறேன்.

"என்னம்மா இது? பொண்ணு முதல் வகுப்புல வந்திருக்கா. சந்தோஷத்துலதான அழுவுறீங்க?" என்றார்.

"பாதி" என்றேன்.

அம்மா